பாதி வேனில் வந்த தாயத்து

இருசம்மாள் முடியாது என்று சொன்னால் முடியாதுதான். அதற்கு மேல் அவளிடம் பேசிப் பார்த்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு போனதுதான் மிச்சம். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த குரல். பத்து மரத்துக்கு அப்பால் நிற்பவனையும் திரும்பிப் பார்க்க வைக்கும். அந்தக் குரலில்தான் குருபோங் ஊரில் ஹரிதாஸின் பட்டறை நடுவே நின்றுகொண்டு சொன்னாள்:

"செத்தவன் எஞ்சினை என் வண்டியில ஏத்தாதே. நான் சொல்லிட்டேன்."

ஹரிதாஸ் கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றான். அவன் எதிரே ஒரு வேனின் முன்பாதி நின்றது. ஜப்பானில் ஓடிய வண்டியை முன் சீட்டுக்குப் பின்னால் அறுத்து, முன்பாதியை மட்டும் கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள். பழைய வண்டியை முழுசாகக் கொண்டுவந்தால் வரி, பெர்மிட், ஆயிரம் தொல்லை. பாதியாக வந்தால் அது வண்டியே அல்ல, வெறும் உதிரிச் சாமான். பட்டறைக்காரர்கள் அதை 'ஹாப் கட்' என்பார்கள். எஞ்சின், கியர், ரேடியேட்டர், ஸ்டீயரிங், முன்கண்ணாடி எல்லாம் இருந்தது இருந்தபடியே வரும். ஓட்டியவன் மட்டும் வரமாட்டான்.

அந்த 'மட்டும்'தான் இருசம்மாளை உறுத்தியது.

அவள் கணவன் பெரியதம்பி மாரடைப்பில் போனபோது அவளுக்கு விட்டுப்போனது இரண்டு. ஒன்று மகள் புனிதா. இன்னொன்று பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வெள்ளை வேன். பொம்பளைக்கு எதற்கு வேன் என்று சிரித்தவர்கள் உண்டு. பிறகு அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையே அவள்தான் தினமும் ஏற்றிக்கொண்டு போனாள். விடிவதற்குள் தாமான் தாமானாக, ஒவ்வொரு குடியிருப்பாகப் புகுந்து ஹாரன் அடித்து, அரைத்தூக்கத்தில் வருகிறதுகளை அள்ளிப் போட்டுக்கொண்டு தமிழ்ப்பள்ளி வாசலில் இறக்கிவிடுவாள். அந்த எஞ்சினைப் பெரியதம்பி தன் கையாலேயே மூன்று முறை பிரித்துப் பூட்டியிருந்தான். அவன் போன பிறகும் அது இருமிக்கொண்டே ஓடியது. "உங்கப்பா கை பட்டது, நம்மளைக் கைவிடாது" என்று புனிதாவிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

கைவிட்டுவிட்டது. பள்ளி விடுமுறைக்கு முந்தின மத்தியானம், ஆயர் குரோவில் நெடுஞ்சாலையிலிருந்து லாரிகள் இறங்கிவரும் வளைவில், வண்டி நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது, அடியில் படீரென்று ஒரு சத்தம். வேன் நட்ட நடுச்சாலையில் நின்றது. பின்னால் மரம் ஏற்றி வந்த லாரி பிரேக் போட்டுச் சறுக்கி, உரசாத குறையாக விலகிப் போனது. இருசம்மாள் கத்தவில்லை. பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்து இழுத்துப் புல்மேட்டில் உட்காரவைத்தாள். கடைசிப் பிள்ளையையும் இறக்கிய பிறகுதான் அதே புல்மேட்டில் தானும் உட்கார்ந்தாள். அன்று இரவு கண்ணை மூடினால் அந்த லாரியின் முன்முகம்தான் வந்து நின்றது.

ஹரிதாஸ் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தான். உள்ளே ராடு உடைந்து, இரும்புச் சுவரையே குத்திக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது.

"அக்கா, இது போச்சு. அண்ணனே எழுந்து வந்தாலும் இதைப் பூட்ட முடியாது. ஜப்பான் எஞ்சின் ஒண்ணு போட்டுருவோம்லா."

அவளும் சரி என்றுதான் சொன்னாள். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அன்றைக்கு அவள் வேன் ஹாரன் அடிக்காவிட்டால் வீரப்பனின் வேன் அடிக்கும். வீரப்பன் அதே வட்டாரத்தில் ஓட்டுகிறவன். லாரி விஷயம் காதில் விழுந்த மறுநாளே வீடு வீடாகப் போய், பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று துக்கம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. ஒரு முறை அவன் வண்டியில் ஏறிவிட்ட பிள்ளை திரும்பி இவள் வண்டிக்கு வராது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

புதன்கிழமை உதிரிச் சாமான் விற்கும் சீன முதலாளி, தவுக்கேயின் லாரியில் அந்தப் பாதி வேன் வந்து இறங்கியது. ஹரிதாஸ் எண்ணெய் மூடியைத் திருகி எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்தான். "நீங்களே பாருங்கக்கா" என்று டார்ச்சை அவளிடம் நீட்டினான்.

இருசம்மாளுக்கு எஞ்சினின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும். தார் காய்ச்சின சட்டி மாதிரி இருக்கும். இதன் உள்ளே தேய்த்து வைத்த குத்துவிளக்கு மாதிரி மஞ்சளாகப் பளபளத்தது. பிசுக்கு இல்லை, கரி இல்லை. விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். விரலில் தேன் மாதிரி எண்ணெய் ஒட்டியது. முன் பம்பரில் ஒரு கீறல் கிடையாது. மீட்டரில் ஓடியிருந்த தூரத்தை அவள் வண்டி எந்தக் காலத்திலோ தாண்டியிருந்தது.

பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. இவ்வளவு நல்ல சாமானை எவனாவது வேண்டாமென்று விடுவானா? கொழுத்த பசுவைச் சும்மா அவிழ்த்துவிட்டால், வாங்குகிறவன் முதலில் அதன் வாயைத்தானே திறந்து பார்க்கவேண்டும்?

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. முன்கண்ணாடிக்கு மேலே, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியின் காம்பில் ஒரு சின்னப் பட்டுப் பை தொங்கியது. சிவப்பு. வெள்ளைக் கயிற்றில் பூ மாதிரி ஒரு முடிச்சு. மேலே வெள்ளி நூலில் நாலு எழுத்து.

"தாயத்து!" என்று இரண்டடி பின்வாங்கினாள்.

தவுக்கே சீனர். எட்டிப் பார்த்து அந்த எழுத்தை வாசித்துவிட்டார். ஜப்பான்காரர்களின் சித்திர எழுத்து சீனர்களுக்கும் புரியுமாம். "தாப்பாலா, பரவால்ல அக்கா, நல்லது. ஜாலான் செலாமட். ரோட்ல ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிருக்கு" என்று சிரித்தார். அவர் சொன்னதே வினையாகிவிட்டது.

"காப்புத் தாயத்துதானே? அப்ப உயிரோட இருக்கிறவன் அதை விட்டுட்டுப் போவானா? வண்டியை வித்தாலும் தாயத்தைக் கழட்டிக்கமாட்டானா? சொல்லு! விட்டுட்டுப் போயிருக்கான்னா அவன் கழட்டுற நிலையில இல்ல."

தவுக்கேயின் சிரிப்பு நின்றது. ஹரிதாஸ் தலையைச் சொறிந்தான். "அக்கா, வண்டியில ஒரு நெளிவு இல்லியே. மோதியிருந்தா தெரியாதா?"

"எல்லாரும் மோதியா சாகறாங்க? உங்க அண்ணன் மோதியா செத்தாரு?"

இருசம்மாளிடம் சாட்சி வேறு இருந்தது. தோட்டத்தில் ராமையா என்று ஒருவர், செத்துப்போன கங்காணியின் மோட்டார் சைக்கிளை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கினார். அடுத்த வாரமே செம்பனைக் காட்டுக் கால்வாயில் கிடந்தார். அன்றைக்கு ராமையா கள்ளுக்கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார் என்பதை அவள் கதையில் சேர்ப்பதில்லை. "ஊரார் பெத்த பிள்ளைங்களை ஏத்துறேன். எவன் ஆயுசு முடிஞ்ச வண்டின்னு தெரியாம நான் சாவியைத் திருப்பமாட்டேன்." சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தாள். அவள் பயந்தது பேய்க்கு இல்லை. அந்த லாரியின் முகத்தை இன்னொரு தடவை பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

புனிதா பத்து பெரண்டாமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். வீட்டுக்கு வந்து முழுக் கதையையும் கேட்டாள். சிரிப்பு வந்தது, அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"ம்மா, இங்க உக்காந்து ஏன் நம்மளே முடிவு கட்டணும்? எங்க செக்‌ஷன்ல ஒகினோ சான் இருக்கார்ல, ஜப்பான்காரர். அவர்கிட்ட கேட்டா சொல்லிருவார்."

"கேளு. செத்தானா இருக்கானா, அதை மட்டும் கேளு."

ஒகினோவிடம் புனிதா கேண்டீனில் வைத்துச் சொன்னாள். தாயத்து என்றதும் அந்த மனிதர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாராம். நானே வந்து பார்க்கலாமா என்று கேட்டாராம்.

சனிக்கிழமை மத்தியானம் புனிதாவோடு பட்டறைக்கு வந்தார். கோட்டும் டையுமாக ஒருவர் இறங்குவார் என்று இருசம்மாள் எதிர்பார்த்திருந்தாள். வந்தவர் பூப்போட்ட பாத்தேக் சட்டையும் தொப்பியும் போட்ட ஒல்லி மனிதர். கையில் ஒரு பிஸ்கட் டின். அதை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டிக் குனிந்தார். இவளும் பதிலுக்குக் குனிந்தாள். அவர் திரும்பக் குனிந்தார். இது எங்கே போய் முடியுமோ என்று ஹரிதாஸ் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நடுவில் போட்டான்.

ஒகினோ உட்காரவில்லை. பாதி வேனின் அருகே போய்த் தொப்பியைக் கழற்றினார். தொங்கிய பையை உள்ளங்கையில் தாங்கி, முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு முன்கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு சின்னச் சதுரத் தாளையும், கண்ணாடியில் வெள்ளைப் பெயிண்டால் யாரோ கிறுக்கியிருந்த எண்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் மூன்று வருடமாகத் தொழிற்சாலையில் பழகின மலாயில்தான் பேசுவார். இருசம்மாளைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"புக்கான் மாத்தி. பென்சென்."

சாகவில்லை, பென்சன். இருசம்மாள் மகளைப் பார்த்தாள். "யாரு பென்சன்? ஓட்டுனவரா?"

"காடிம்மா. இந்த வண்டிக்குத்தான் பென்சன்," என்றாள் புனிதா.

ஒகினோ விரலால் காட்டிக் காட்டிச் சொன்னார். அந்தச் சதுரத் தாளில் இருப்பது வண்டிக்குப் பரீட்சைத் தேதி. புது வண்டி என்றால் மூன்று வருடம் சும்மா ஓடலாம். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதிகாரிகள் முன்னால் நிறுத்தி, பிரேக், விளக்கு, புகை, அடித்தகட்டுத் துரு எல்லாவற்றையும் சோதிப்பார்கள். தேறாவிட்டால் சரிபண்ணிக்கொண்டு மறுபடி வரவேண்டும். வரியையும் இன்சூரன்சையும் அன்றைக்கே சேர்த்துக் கட்டவேண்டும். இந்த வேனுக்குத் தேதி போன வருடம் ஐந்தாம் மாதம். வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருப்பது வண்டி அறுக்கும் இடத்துக்கு வந்த தேதி. அது அதே வருடம் நாலாம் மாதம்.

"தேதி வருதுன்னாலே எங்க வீட்டுல பேச்சு ஆரம்பிச்சிரும்," என்று ஒகினோ சிரித்தார். "இந்தக் கிழட்டு வண்டிக்கு இவ்வளவு அழணுமா, புதுசு வாங்கினா என்னன்னு என் மனைவி கேப்பா. எல்லா வீட்டுலயும் அப்படித்தான். அதனால அங்க பழைய வண்டிக்கு மதிப்பே கிடையாது. தூக்கிப் போடணும்னாலும் நாமதான் கூலி குடுக்கணும்."

"குப்பையில போடக் கூலியா!" ஹரிதாஸுக்கு வாய் மூடவில்லை.

"அப்ப பரீட்சைக்குப் பயந்து ஓடிப்போயிட்டான்னு சொல்லு" என்றாள் இருசம்மாள். ஆனால் அவள் குரலில் பழைய முறுக்கு இல்லை. செத்தவன் தேதி பார்த்துக்கொண்டா சாவான்? பரீட்சைக்கு முந்தின மாதம் வண்டியை விட்டவன் நிச்சயம் உயிரோடு இருக்கிறவன்தான். உயிரோடு இருந்து, மனைவியிடம் பேச்சும் வாங்கியிருக்கிறான். கல்மாதிரி நெஞ்சில் கிடந்தது மெல்ல நகர்ந்தது.

ஹரிதாஸ் இன்னும் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆனா இது கெட்டுப்போகலியே சார்?"

"கெடறதுக்கு முன்னாடியே விட்டுடணும்."

"எப்ப கெடும்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்றார் ஒகினோ. "தெரியாதுன்னுதான் முன்னாடியே."

இருசம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு நாடே இப்படி இருக்குமா? நமக்கு உடைந்து நடுரோட்டில் நின்றால்தான் எஞ்சினுக்கு வயதாகிவிட்டதென்று தெரியும். அதுவரை ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, 'இந்த ஒரு வருஷம் மட்டும் இழுத்திரு தாயே' என்று கெஞ்சுகிறோம். அவன் ஓடுகிற குதிரையை ஓடும்போதே நிறுத்தி, போதும் என்று இறங்கிவிடுகிறான். செலவுக்குப் பயந்தே செய்யட்டுமே. அந்தப் பயத்தால் அவன் ஊர் ரோட்டில் எந்தப் பிள்ளையும் லாரிக்கு முன்னால் போய் நிற்பதில்லையே. இப்படி ஒரு நாட்டை நினைக்கவே அவளுக்குப் பிரமிப்பாக இருந்தது. கூடவே கொஞ்சம் கோபமும் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆனாலும் அவள் இருசம்மாள்தானே. "எல்லாம் சரி. தாயத்தை ஏன் விட்டுட்டுப் போனான்? அதைச் சொல்லச் சொல்லு."

இதைக் கேட்டதும் ஒகினோவின் முகம் கறுத்தது. தன் வீட்டுக் குப்பை அடுத்த வீட்டு வாசலில் கிடப்பதைப் பார்த்த மனிதரைப் போல நின்றார்.

"தப்புதான். இதுக்கு ஆயுசு ஒரு வருஷம். வருஷம் முடிஞ்சதும் கோயிலுக்குக் கொண்டுபோய், நன்றி சொல்லித் திருப்பிக் குடுத்துடணும். அவங்க மரியாதையா எரிச்சிருவாங்க. நாம புதுசு வாங்கிக்கணும். இவர் மறந்துட்டார்." முன்பின் தெரியாத அந்த ஆளுக்காக அவளைப் பார்த்துத் தாழக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

"தாயத்தையுமா வருஷா வருஷம் மாத்துவீங்க?"

"சாமி அதே சாமிதான். இது மட்டும் களைச்சுப்போகும். நமக்கு வர்றதையெல்லாம் குறுக்க நின்னு இதுதானே வாங்கிக்குது." பையைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றினார். அடுத்த மாதம் ஊருக்கு லீவில் போகிறாராம். பையில் பேர் போட்டிருந்த கோயிலைத் தேடிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவதாகச் சொன்னார்.

களைச்சுப்போகும். அந்தச் சொல் இருசம்மாளைப் பிடித்துக்கொண்டது. திரும்பி, பட்டறை மூலையில் எஞ்சின் இல்லாமல் நின்ற தன் வேனைப் பார்த்தாள். பிறகு ஹரிதாஸின் மேசையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு போய் ஓட்டுநர் கதவைத் திறந்தாள். ஸ்டீயரிங் தண்டில், எண்ணெயும் வியர்வையும் ஏறிக் கரிக்கட்டையாகிவிட்ட ஒரு செப்புத் தாயத்து. வேன் வாங்கிய அன்று பெரியதம்பி மாரியம்மன் கோயிலில் மந்திரித்துக் கட்டியது. அதன் கறுப்புக் கயிறு தண்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்கவேண்டியிருந்தது.

"ம்மா! அப்பா கட்டினது!"

"தெரியும்டி." கொண்டுவந்து ஒகினோவின் முன்னால் நீட்டினாள். அவளுக்குத் தெரிந்த மலாயில் நேராகவே கேட்டாள். "இதையும் சேத்துக் கொண்டுபோவீங்களா? எங்க கோயில்ல இதைத் திருப்பி வாங்கிக்கிற வழக்கமில்ல. இத்துப்போற வரைக்கும் கட்டித்தான் வெச்சிருப்போம்."

ஒகினோ இரண்டு கையையும் ஏந்தி வாங்கினார். "எத்தனை வருஷம் இருந்துச்சு?"

"இவ எட்டு வயசுப் பொண்ணா இருந்தப்போ கட்டினாரு."

அவர் புனிதாவை நிமிர்ந்து பார்த்தார். தொழிற்சாலையில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் வளர்ந்த பெண். மறுபடி உள்ளங்கையில் கிடந்த அந்தக் கறுப்புத் துண்டைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டதை இருசம்மாள் பார்த்தாள்.

"எங்க ஊர்ல எதுவுமே இவ்வளவு காலம் உழைச்சதில்ல," என்றார். அதை நெற்றிக்கு நேரே உயர்த்தி, கண்ணை மூடி, யாருக்கும் குனியாத அளவுக்குக் குனிந்தார். இருசம்மாளுக்குக்கூட அவர் அவ்வளவு குனியவில்லை.

லாரி உரசாமல் விலகிப்போன மத்தியானம் அவளுக்கு நினைவு வந்தது. எஞ்சின் உடைந்த பிறகும் குறுக்கே நின்று வாங்கிக்கொண்டது எது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பட்டறை வாசலில் நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பெரியதம்பி செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

ஞாயிறு பொழுது சாய்வதற்குள் ஹரிதாஸ் எஞ்சினை ஏற்றிவிட்டான்.

திங்கட்கிழமை விடிகாலையில் பட்டறையில் இருசம்மாள் சாவியைத் திருப்பினாள். சத்தமே இல்லை. சனியன், கிளம்பவில்லையே என்று இன்னொரு முறை திருப்பினாள். பல்சக்கரம் கிறீச்சென்று கத்தியது. "அக்கா, ஓடுதுக்கா! ஏற்கெனவே ஓடிட்டிருக்கு!" என்று ஹரிதாஸ் வெளியிலிருந்து பதறினான். இருமாத எஞ்சினும் உண்டு என்பதை அவள் காது அதுவரை அறிந்ததில்லை.

வீட்டுக்கு வீடு ஹாரன் அடித்தாள். தாமான் முனையில் வீரப்பன் தன் வேனில் சாய்ந்து நின்றிருந்தான். அவனுக்காகவே ஒரு ஹாரன் கூடுதலாக அடித்தாள். கதவுகள் திறந்தன, பிள்ளைகள் வந்து ஏறின. ஒன்றும் குறையவில்லை.

ஆயர் குரோ வளைவு வந்ததும் பின்னால் பேச்சு நின்றுபோனது. யாரும் சொல்லாமலே பிள்ளைகள் சீட்டைப் பிடித்துக்கொண்டன. பக்கவாட்டில் ஒரு மரலாரி இறங்கி வந்தது. இருசம்மாளின் கை பழக்க தோஷத்தில் ஸ்டீயரிங் தண்டுக்குப் போய்ப் பெரியதம்பி கட்டின தாயத்தைத் தேடியது. அங்கே வெறும் இரும்புதான் இருந்தது. கயிறு இருந்த இடம் மட்டும் புதுசாக வெளுத்திருந்தது.

வேன் அரவமில்லாமல் வளைவைக் கடந்தது. லாரி அதன் வழியே போனது.

"பாஸ்போர்ட்டுகூட எடுக்காத மனுசன்," என்று இருசம்மாள் வாய்க்குள் சொன்னாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அடுத்த மாசம் ஜப்பானுக்குப் போறியாமே. போய் உக்காருய்யா. இத்தனை நாளு நின்னது போதும். பிள்ளைங்களை நான் பாத்துக்கறேன்."

பின்சீட்டிலிருந்து ஒரு குட்டிப் பெண் எட்டிக் கேட்டாள். "வேன்காரம்மா, யார்கிட்ட பேசறீங்க?"

"பென்சன்காரர்கிட்ட," என்றாள் இருசம்மாள். "சத்தம் போடாம உக்காரு."